பாதிப் படம் பார்த்தவர்களுக்கு: ஹாங்காங் சண்டைப் படங்களை மறுபடி பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் டெக் எடுப்பது ஒரு சின்னத் திருவிழா. கலர் டிவி, டெக், நாலு கேசட், எல்லாம் ஒரு ராத்திரி வாடகை. விடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதலில் ஒரு சாமி படம், அப்புறம் ரஜினியோ கமலோ, பெரியவர்கள் படுக்கப் போன பிறகு ஜாக்கி சான். கேசட் போடுவது அண்ணன் வேலை. திரையின் அடியில் கோடு ஓடினால் ட்ராக்கிங் குமிழைத் திருகுவதும் அவன்தான். அப்படி ஒரு ராத்திரியில் ஜாக்கி இடது ஓரத்தில் காலைத் தூக்கி உதைத்தார். வலது ஓரத்தில் யாரும் இல்லை. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. “யாரை உதைச்சாரு?” என்று கேட்டேன். அண்ணனுக்கும் தெரியவில்லை.

உதை வாங்கிய அந்த ஆளை நான் பார்த்தது இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. 1985இல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யின் முழுப் பிரதி ஒன்று கிடைத்து, அகலமான திரையில் ஓடவிட்டபோது, அவர் அங்கேயேதான் இருந்தார். உதை பட்டதும் உடம்பு ஒரு முறை சுழன்று, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் முதுகு முதலில் போய் விழுந்தார். அந்தச் சண்டையின் உயிரே அந்த விழுகையில்தான் இருந்தது. நாங்கள் அதைக் காதால் கேட்டதோடு சரி.

அந்தப் படங்களை நம்மில் பலர் பார்த்தது இப்படித்தான். பக்கவாட்டில் வெட்டுப்பட்டு, நடுவில் வெட்டுப்பட்டு, தேய்ந்துபோன கேசட்டில். மறுபடி பார்க்கிறோம் என்று பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கப் போகிறோம். அதனால் பழைய நினைவுக்காக மட்டும் ஓடவிட்டு, பாதியில் தூங்கிவிடாமல், ஒழுங்காகப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சில வருஷங்களாக நானே இப்படித்தான் பார்த்து வருகிறேன்.

முதல் படி: ஏழு படம் போதும்

அந்தக் கால ஹாங்காங்கில் வருஷத்துக்கு நூற்றுக்கும் மேல் படங்கள் எடுத்தார்கள். எல்லாவற்றையும் துரத்தினால் திகட்டிவிடும். இந்த ஏழோடு ஆரம்பியுங்கள்: ‘ப்ராஜெக்ட் ஏ’ 1983, ‘போலீஸ் ஸ்டோரி’ 1985, ‘எ பெட்டர் டுமாரோ’ 1986, ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’ 1991, ‘ஹார்ட் பாயில்ட்’ 1992, ‘போலீஸ் ஸ்டோரி 3’ அதே 1992, ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’ 1994. வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

வந்த வருஷ வரிசையிலேயே பாருங்கள். முதல் படத்தில் தரையில் நடக்கிற சண்டை, எட்டு வருஷத்தில் ஏணி மேல் ஏறி, கயிற்றில் பறக்கிறது. வரிசையை மாற்றினால் இந்த வளர்ச்சி கண்ணுக்குப் படாது. பெரிய வித்தைகளை முதலில் பார்த்துவிட்டுப் ‘ப்ராஜெக்ட் ஏ’வுக்குத் திரும்பினால் அது வெறும் சிரிப்புப் படமாகத் தெரியும். அது அப்படிப்பட்ட படம் இல்லை.

அந்தப் படத்தில் ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூன்று பேரும் சேர்ந்து வருகிறார்கள். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஹாங்காங்கில் யு ஜிம்யுவென் என்ற ஆசிரியர் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளி அது. சின்ன வயதிலேயே பெற்றோர் கொண்டுபோய் ஒப்படைத்துவிட, பாட்டு, குட்டிக்கரணம், கைகளால் நிற்பது, ஆயுதப் பயிற்சி என்று வருஷக்கணக்கில் அங்கேயே தங்கி வளர்ந்தவர்கள். மேடையில் தாளத்துக்கு அடித்து, தாளத்துக்கு விழக் கற்றவர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எந்தச் சண்டையிலும் அந்தத் தாளம் உங்களுக்குக் கேட்டுவிடும்.

மணிக்கூண்டின் முள்ளைப் பிடித்துத் தொங்கிவிட்டு ஜாக்கி கீழே விழுகிற காட்சியில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 1923இல் ஹெரால்ட் லாய்ட் கடிகார முள்ளில் தொங்கிய பேசாப் படத்துக்கு அவர் செய்த மரியாதை அது. இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுகிறார். அடுத்த ஷாட்டில் மறுபடியும் விழுகிறார். ஒரே விழுகையை இரண்டு கோணத்தில் காட்டுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் உடம்பு விழுகிற விதமே வேறு. அவை இரண்டு தனித்தனி விழுகைகள், இரண்டையும் படத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: சரியான பிரதியைத் தேடுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாம் வீண்.

முதலில் அகலம். இந்த ஏழில் ஜாக்கியின் படங்களும் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’வும் உயரத்தைப் போல ஏறக்குறைய 2.35 மடங்கு அகலமுள்ள திரைக்காக எடுக்கப்பட்டவை. பழைய டிவியின் அகலம் உயரத்தைப் போல 1.33 மடங்குதான். அதில் அடைப்பதற்காக ஓரங்களை வெட்டிய கேசட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் படம் காணாமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் காணாமல் போன ஆள் அந்த நாற்பதில்தான் இருந்தார். ஆகவே திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் சந்தோஷப்படுங்கள். ரிமோட்டில் ஜூம் பட்டனைத் தொடாதீர்கள். ஜான் வூ எடுத்த ‘எ பெட்டர் டுமாரோ’, ‘ஹார்ட் பாயில்ட்’ இரண்டும் மட்டும் 1.85 அளவு. அதில் பட்டை மெல்லிசாகத்தான் வரும், அது சரிதான்.

அடுத்தது நீளம். ஹாங்காங்கில் ஓடியது ஒரு வெட்டு, அதாவது எடிட் செய்த ஒரு வடிவம்; அமெரிக்காவுக்குப் போனது இன்னொரு வெட்டு. ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’ அமெரிக்கத் திரையரங்குக்குப் போனது 2000இல். ஆங்கில டப்பிங், புது இசை, கடைசி நகைச்சுவைக் காட்சி நீக்கம். ‘போலீஸ் ஸ்டோரி 3’க்கும் 1996இல் இதே கதிதான். முடிந்தவரை ஹாங்காங் வெட்டையே தேடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐரோப்பிய வீடியோ முறையில் பதிவான பழைய பிரதிகள் விநாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 25 ஓடும். அதனால் 100 நிமிடப் படம் எந்த வெட்டும் இல்லாமலே 96 நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு நிமிடம் குறைகிறதே என்று அந்தப் பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. ‘போலீஸ் ஸ்டோரி’யின் முதல் இரண்டு பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு, 2019இல் கிரைடீரியன் நிறுவனம் அவற்றை வட்டாக வெளியிட்டது. ஜான் வூவின் படங்கள்தான் உரிமைச் சிக்கலில் நல்ல பிரதி இல்லாமல் வெகுகாலம் கிடந்தன. 2025 ஜனவரியில், அவையும் அடங்கிய கோல்டன் பிரின்சஸ் நிறுவனத்தின் 156 படங்களின் உரிமையை ஷவுட் நிறுவனம் வாங்கிய பிறகு அந்தக் கதவும் திறந்தது.

கடைசியாக உங்கள் டிவி. புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கும். இரண்டு பிரேமுக்கு நடுவே இல்லாத ஒரு பிரேமைத் தானாகவே செய்து சொருகும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பட அமைப்புக்குள் போய்த் தேடி அதை அணைத்துவிடுங்கள். சினிமா என்றோ ஃபிலிம்மேக்கர் என்றோ ஒரு தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இது அணையாமல் ஓடினால், உயிரைக் கொடுத்துச் செய்த ஸ்டண்ட்கூட சீரியல் மாதிரி தெரியும்.

மூன்றாம் படி: எந்த மொழியில்?

டப்பிங் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூல மொழியில்தான் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் கலப்படம் என்பார்கள். ஹாங்காங் படங்களைப் பொறுத்தவரை அது அவ்வளவு எளிதான விஷயம் இல்லை. அங்கே எண்பதுகள் முழுக்க, தொண்ணூறுகளின் தொடக்கம் வரைக்கும்கூட, பெரும்பாலான படங்களைப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு இல்லாமல்தான் எடுத்தார்கள். பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஹாங்காங்கில் பேசுகிற கேண்டனீஸில் ஒரு முறை, சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ஒரு முறை என்று குரல் கொடுத்தார்கள். எண்பதுகளின் படங்கள் பலவற்றில் ஜாக்கி சானின் கேண்டனீஸ் குரலே இன்னொரு கலைஞருடையது. அதாவது மூலமே டப்பிங்தான்.

இது தெரிந்த பிறகு, தமிழில் கேட்டு வளர்ந்த ஜாக்கியைப் பற்றி எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அவர் நம்ம ஊர்ப் பேச்சில் சவடால் விட்டதை ரசித்தோமே, அது தப்பில்லை. 2008இல் ‘தசாவதாரம்’ பாட்டு வெளியீட்டுக்கு அவர் சென்னைக்கே வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் எழுந்த ஆரவாரத்தில் அந்தத் தமிழ்க் குரல்களுக்கும் பங்கு உண்டு.

இருந்தாலும் இந்த முறை கேண்டனீஸில், திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் எழுத்தோடு பாருங்கள். தமிழ் டப்பிங்கில் கிடைப்பது ஹாங்காங் வெட்டாக இல்லாமல் போகலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கேண்டனீஸின் ஏற்ற இறக்கம் சண்டையின் வேகத்தோடு ஒட்டிப் போகிறது. வட்டில் ஒலித்தடம் இரண்டு மூன்று இருந்தால் பழைய ஒற்றைத் தட ஒலியான மோனோவைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகச் செய்த சுற்றொலித் தடங்கள் சிலவற்றில் துப்பாக்கிச் சத்தத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். மோனோவில் குத்து ஒவ்வொன்றும் பலகையில் அறைந்த மாதிரி விழும். அந்தச் சத்தம்தான் அந்தப் படங்களின் சத்தம்.

நான்காம் படி: முதல் முறை, வாயை மூடிக்கொண்டு

விளக்கை அணைத்துவிட்டு ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மூச்சில் பாருங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். நிறுத்தி நிறுத்தி ஆராய்வது அப்புறம். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் இவை கூட்டத்துக்காக எடுத்த படங்கள். அந்தக் கால ஹாங்காங்கில் படம் வெளியாகும் முன் நள்ளிரவுக் காட்சி போடுவார்கள். இயக்குநர் பின் வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தின் கூச்சலைக் கேட்டுவிட்டு, மறுநாள் மறுபடி வெட்டி ஒட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘ப்ராஜெக்ட் ஏ’ தாராளமாகப் போடலாம். ‘ஹார்ட் பாயில்ட்’ வேண்டாம். அதில் ஓடுகிற ரத்தம் அவர்களுக்கு உரியதில்லை.

ஐந்தாம் படி: இரண்டாம் முறை, சத்தத்தை அணைத்து

இதுதான் எனக்குப் பிடித்த படி. அடுத்த நாள் ‘போலீஸ் ஸ்டோரி’யின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் எடுங்கள், அந்த வணிக வளாகச் சண்டை. சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள்.

முதலில் காலைப் பாருங்கள். முகத்தை அல்ல, காலை. ஒவ்வொரு அடியிலும் அடிக்கிறவர், வாங்குகிறவர் இருவரும் தலை முதல் பாதம் வரை பிரேமுக்குள் இருப்பார்கள். எந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, எது தூக்கியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். இப்போது வருகிற பெரிய பட்ஜெட் படங்களின் சண்டையில் இதே சோதனையைச் செய்து பாருங்கள். பல இடங்களில் தோளும் முடியும்தான் தெரியும்.

அப்புறம் எண்ணத் தொடங்குங்கள். அடி, அடி, அடி, நிறுத்தம். அந்த நிறுத்தம் அரை விநாடிகூட இருக்காது. ஜதி முடிந்து அறுதியில் நிற்கிற ஆட்டக்காரர் மாதிரி, உடம்பு ஒரு நிலையில் உறைந்துவிட்டு மறுபடி வெடிக்கும். நிறுத்தம் இருப்பதால்தான் வேகம் தெரிகிறது. இசைநாடகப் பள்ளி கொடுத்த தாளம் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான்.

மூன்றாவதாக, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். ஒரு உதை படுகிற இடத்தில் வெட்டு வந்தால், அடுத்த ஷாட் சில பிரேம்கள் பின்னால் போய்த் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். கால் இரண்டு முறை பயணம் செய்கிறது. கண் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, கூடுதல் பலமாக எடுத்துக்கொள்கிறது. அடி படுகிற இடத்தில் சட்டையிலிருந்து புழுதி கிளம்புகிறதா என்றும் பாருங்கள். அடி பட்ட இடம் திரையில் தெரிய வேண்டும் என்று உடையில் முன்கூட்டியே பவுடர் தட்டி வைப்பது அவர்கள் பழக்கம். சில ஷாட்டுகளை விநாடிக்கு 24க்குப் பதில் இரண்டு மூன்று பிரேம் குறைவாக ஓட்டி எடுத்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவதும் உண்டு. பின்னால் நடந்து போகிறவர்களைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், அவர்களும் அவசரமாகப் போவார்கள்.

இதையெல்லாம் செய்ய முடிந்ததற்குக் காரணம், அங்கே ஸ்டண்ட் மாஸ்டர்தான் சண்டைக் காட்சியின் இயக்குநர். கேமரா எங்கே, வெட்டு எங்கே என்பதை அடியை வகுத்தவரே முடிவு செய்வார். நாலு அடிக்கு ஒரு ஷாட் என்று துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கான கோணத்தோடு எடுப்பார். ஹாலிவுட்டில் அப்போது பெரும்பாலும் முழுச் சண்டையையும் பல கோணங்களில் எடுத்துவிட்டு, எடிட்டிங் மேஜையில் கோப்பார்கள். தேவைக்கு வெட்டி எடுத்த துணிக்கும் தைத்த பிறகு வெட்டிச் சரிசெய்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது அந்தக் கம்பம். மேல் தளத்துக் கைப்பிடி மேல் ஏறி, கத்திக்கொண்டே தாவி, வளாகத்தின் நடுவில் தொங்குகிற கம்பத்தைப் பிடித்து, சுற்றியிருந்த விளக்குச் சரங்களை எல்லாம் பொசுக்கிக்கொண்டு ஜாக்கி சறுக்கி வருகிறார். கீழே கண்ணாடிக் கூரையை உடைத்துத் தரையில் விழுகிறார். விழுந்த கையோடு எழுந்து ஓடுகிறார். எரிந்துகொண்டிருந்த விளக்குகள் கையில் தோலைச் சுட்டன, முதுகிலும் இடுப்பிலும் அடி. படத்தில் அதை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுகிறார்கள். சத்தம் இல்லாமல் பார்க்கும்போது எனக்கு மூச்சு நின்றது சறுக்கலில் இல்லை, அதற்கு முந்திய ஒரு நொடியில். தாவுவதற்கு முன் தூரத்தைக் கண்ணால் அளக்கிறார். நடிப்பு இல்லை அது.

அந்தப் படத்தில் உடைந்த கண்ணாடியின் அளவைப் பார்த்துப் படக்குழுவே ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று பட்டப்பெயர் வைத்தது. அது வேடிக்கைக்குச் சொன்ன பெயர் மட்டும் இல்லை. ஒவ்வொரு உடைசலுக்குள்ளும் ஒரு ஸ்டண்ட் கலைஞரின் முதுகு இருக்கிறது.

ஆறாம் படி: துப்பாக்கிக்கு வேறு கண்

கை கால் சண்டை பார்த்த கண்ணோடு ஜான் வூவைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு துப்பாக்கியில் இத்தனை குண்டு எப்படி என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை ஒதுக்கி வையுங்கள். அவர் கத்திச் சண்டைப் படங்களின் மரபில் வந்தவர், ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோவில் சாங் செ என்ற இயக்குநரிடம் உதவியாளராக இருந்தவர். வாளை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார், அவ்வளவுதான். நட்பும் துரோகமும் சொன்ன சொல்லும்தான் விஷயம்.

‘எ பெட்டர் டுமாரோ’வில் சோ யுன்ஃபாட் உணவகத்துத் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டே நடந்து, பூந்தொட்டிகளில் துப்பாக்கிகளை ஒளித்துவைக்கிறார். உள்ளே போய்ச் சுடுகிறார். திரும்பி வரும்போது ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சுட்டுக்கொண்டே வருகிறார். எல்லோரும் நினைவு வைத்திருப்பது இது மட்டும். மறுபடி பார்க்கும்போது அடுத்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். செத்துவிட்டான் என்று விட்ட ஒருவன் பின்னாலிருந்து சுடுகிறான், குண்டு காலில் பாய்கிறது. அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் நொண்டித்தான் நடக்கிறார். கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட நாயகன் கார் துடைக்கிறார், கொடுத்த சோற்றை ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். சின்ன வயதில் இந்த இடங்களை நாங்கள் ஓட்டிவிட்டுப் பார்த்தோம். இப்போது இவைதான் படம் என்று படுகிறது.

வருஷத்தையும் மனதில் வையுங்கள். 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, 1997 ஜூலையில் ஹாங்காங் சீனாவிடம் போகும் என்று நாள் குறித்தாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்த படத்தில், நாயகன் இரவில் மேட்டிலிருந்து நகரத்து விளக்குகளைப் பார்த்து, இந்த அழகு நிலைக்காது என்கிற மாதிரி பேசுகிறார். அன்றைக்குத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது யாரைப் பற்றிய பேச்சு என்று விளக்கத் தேவை இருந்திருக்காது.

‘ஹார்ட் பாயில்ட்’ ஜான் வூ ஹாலிவுட் போவதற்கு முன் ஹாங்காங்கில் எடுத்த கடைசிப் படம். இதில் மருத்துவமனைக் காட்சிக்கு ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். சோ யுன்ஃபாட்டும் டோனி லியுங்கும் தாழ்வாரத்தில் சுட்டுக்கொண்டே போய், லிஃப்டில் ஏறி, இன்னொரு தளத்தில் இறங்கி மறுபடி சுடுகிறார்கள். இரண்டரை நிமிடத்துக்கு மேல், ஒரே ஷாட். அவர்கள் எந்தத் தளத்துக்கும் போகவில்லை. லிஃப்ட் கதவு மூடியிருந்த சில விநாடிகளுக்குள் வெளியே ஆட்கள் ஓடி ஓடி இடிபாட்டை அள்ளி, அதே தாழ்வாரத்தை வேறு தளமாக மாற்றினார்கள். அந்த விநாடிகளில் உள்ளே நடக்கிற பேச்சைக் கேளுங்கள். டோனி லியுங் தெரியாமல் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்டார், அந்த முகம் உடைந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய வித்தைக்கு நடுவே ஒரு மனிதனின் குற்ற உணர்ச்சிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஏழாம் படி: ரோப், டூப், கடைசிப் பெயர்கள்

ரோப் கட்டினால் ஏமாற்று என்பது தவறான எண்ணம். ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’வின் ஏணிச் சண்டையில் ஜெட் லீயும் எதிரியும் மூங்கில் ஏணிகளின் மேல் நின்று, ஏணியையே ஆயுதமாக்கி மோதுகிறார்கள். கயிறு உண்டு, ஆனால் கயிறு தூக்கிக்கொண்டு போகும்போது உடம்பை நேராக வைத்திருக்கிற வலு கயிற்றுக்குச் சொந்தமில்லை. படப்பிடிப்பில் ஜெட் லீக்குக் காலில் அடிபட்டதால் சில இடங்களில் டூப் வருகிறார். தலை குனிந்திருக்கும், முதுகு காட்டும், வெளிச்சம் பின்னாலிருந்து வரும். அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்துவிட்டு ‘ஏமாத்திட்டாங்க’ என்று சொல்லாமல், அந்த முதுகையும் மரியாதையோடு பாருங்கள்.

‘போலீஸ் ஸ்டோரி 3’இல் டூப் இல்லாத ஒரு இடம். ஓடுகிற ரயிலின் மேல் மோட்டார் சைக்கிளோடு போய் இறங்குகிறார் மிஷெல் யோ. இந்தப் படத்துக்காகத்தான் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டார். கல்யாணத்துக்காக நடிப்பை விட்டுவிட்டு, சில வருஷம் கழித்துத் திரும்பி வந்த படம் இது. 2023இல் அவர் ஆஸ்கர் மேடையில் நின்றபோது எனக்கு அந்த ரயில்தான் ஞாபகம் வந்தது.

பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். ஜாக்கியின் படங்களில் தவறிப்போன ஷாட்டுகளை அங்கேதான் காட்டுவார்கள். அமெரிக்காவில் 1981இல் வந்த ஒரு கார் பந்தயப் படத்தில் நடித்தபோது பார்த்த பழக்கம் அது. அங்கே சிரிப்புக்காக வைத்ததை இவர் அடி வாங்கியவர்களைக் காட்டுவதற்காக வைத்தார். ‘போலீஸ் ஸ்டோரி 3’இன் கடைசியில் மிஷெல் யோ வண்டி மேலிருந்து ஜாக்கியின் காருக்குத் தாவுகிறார். முன்கண்ணாடி உடையவில்லை. பிடி இல்லாமல் ஓடுகிற ரோட்டில் சரிகிறார். ஜாக்கி கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். படத்தில் பார்த்த எந்தத் தாவலையும் விட இந்தச் சில விநாடிகள் அதிகம் சொல்கின்றன. நம்ம படங்களில் ‘சண்டைப் பயிற்சி’ என்று ஒரு பெயர் போட்டுவிட்டு, விழுந்தவர்களின் பெயர்களைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

எட்டாம் படி: நெருடுகிற இடங்களை மழுப்பாதீர்கள்

இந்தப் படங்களை நேசிக்கிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்த மாட்டேன். ‘போலீஸ் ஸ்டோரி’யில் மேகி சியுங்குக்குக் கொடுத்த வேலை, காதலனிடம் அவமானப்பட்டுப் பார்ப்பவரைச் சிரிக்க வைப்பது. இரண்டாம் பாகத்தில் இரும்புச் சட்டங்கள் சரிகிற காட்சியில் அவர் தலையில் உண்மையாகவே அடிபட்டது. பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய நடிகை அவர். போலீஸ் கைதியை அடிப்பதை வீரமாகக் காட்டுகிற இடங்களும் இருக்கின்றன. கூட இளையவர்கள் யாராவது உட்கார்ந்து பார்த்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். ஸ்டண்ட் கலைஞர்களின் பாதுகாப்பும் அப்படித்தான். அந்த விழுகைகளைப் பார்த்து வாய் பிளக்கிற அதே நேரத்தில், அதை இன்றைக்கு யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்தேதான் மனதில் இருக்கின்றன.

ஒன்பதாம் படி: ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’ஐக் கடைசிக்கு வையுங்கள்

இந்தப் படத்துக்குள் மற்ற ஆறும் வந்து சேர்கின்றன. நாயகன் வொங் ஃபெய்ஹுங், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபோஷானில் பிறந்த உண்மையான வைத்தியர், குங்ஃபூ ஆசான். ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’வில் ஜெட் லீ நடித்ததும் இவரைத்தான். அங்கே நிமிர்ந்த முதுகோடு ஊருக்கே பெரியவராக இருந்தவர் இங்கே அப்பாவுக்குப் பயந்து ஒளிகிற குறும்புக்காரப் பிள்ளை. நடித்தபோது ஜாக்கிக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தியாக வரும் அனிடா முய் அவரைவிட ஒன்பது வயது இளையவர். அவர் வருகிற காட்சி ஒவ்வொன்றும் தங்கம். அப்பாவாக வருகிறவர் டி லுங், ‘எ பெட்டர் டுமாரோ’வில் சிறையிலிருந்து திரும்பி வரும் அண்ணனாக நடித்த அதே ஆள்.

இயக்குநர் லாவ் கர்லியுங்கின் அப்பா, வொங் ஃபெய்ஹுங்கின் சீடருடைய சீடர். கதை நாயகனின் அடவுகள் கைமாறிக் கைமாறி இயக்குநர் கைக்கு வந்திருக்கின்றன. தேநீர்க் கடைச் சண்டையில் அவரே ஜாக்கியோடு சேர்ந்து நின்று கோடரிக் கூட்டத்தைச் சமாளிக்கிறார். அதில் ஜாக்கியின் கையில் இருக்கிற மூங்கிலைக் கவனியுங்கள். முதலில் முழுக் கழி. அடித்து அடித்து நுனி பிளந்து, விளக்குமாறு போல விரிந்துவிடுகிறது. பிளந்த பிறகு அதையே வேறு விதமாகப் பிடித்து, கீறுவதற்கும் சிக்க வைப்பதற்கும் பயன்படுத்துகிறார்.

கடைசிச் சண்டையில் எதிரியாக வருபவர் கென் லோ, நிஜத்தில் ஜாக்கியின் மெய்க்காப்பாளர். தூக்கிய காலைக் கீழே வைக்காமல் உதைத்துக்கொண்டே இருப்பார். ஜாக்கி எரிகிற கரி மேல் விழுந்து, முதுகும் கைகளும் பட ஊர்ந்து பின்வாங்குவார். முதல் முறை எடுத்தது தாளத்தில் சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறையும் கரி மேல் விழுந்தார்.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது, மூட்டு வலி, தரையில் உட்கார முடிவதில்லை. ‘போலீஸ் ஸ்டோரி’யைப் போட்டு, அந்த உதை வருகிற இடத்தில் நிறுத்தினேன். வலது ஓரத்தில் அந்த ஆள், கை இரண்டும் விரிந்து, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், காற்றில். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

“இவனைத்தானாடா?” என்றான். அப்புறம் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டான்.